கரண்டு பில்லும் வேற்றுக்கிரகவாசியும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

2003-ல் கல்லூரி முடித்த கையோடு என் கம்ப்யூட்டரில் ‘செட்டி அட் ஹோம்’ போட்டேன். வேற்றுக்கிரகவாசியைத் தேடுகிறேன் என்றதும் அப்பா, “அவன் வந்து கரண்டு பில் கட்டுவானா?” என்றார். 2012 மின்வெட்டில் நிறுத்திவிட்டேன். நீங்களும் அதில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். ஒன்பது வருடம் ஓடவிட்டது தன்னார்வப் பணியா, வீண்வேலையா? இப்போது நான் செய்ய ஏதாவது உண்டா?

– ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பாவாவது விஷயத்தைப் புரிந்துகொண்டு கேட்டார். நான் செட்டி அட் ஹோம் என்றதும் பக்கத்து வீட்டுக்காரர், “செட்டிநாட்டு மெஸ்ஸா? பார்சல் உண்டா?” என்றார்.

தெரியாதவர்களுக்காக: 1999 மே மாதம் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், வேற்றுக்கிரகவாசிகளின் ரேடியோ சமிக்ஞையைத் தேடத் தொடங்கிய திட்டம் அது. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் இருந்த 305 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்த இரைச்சலைத் துண்டு போட்டு, உலகெங்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புவார்கள். ஒரு துண்டு 107 விநாடி. டயல்-அப்பில் சில நிமிடத்தில் இறங்கிவிடும். அதை அரைத்து முடிக்க என் பழைய பென்டியத்துக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

அந்த அரைப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பூமி சுழல்வதால், அசையாத தொலைநோக்கித் தட்டின் பார்வையை ஒரு நட்சத்திரம் சுமார் 12 விநாடியில் கடந்துவிடும். மாசி வீதி முனையில் நின்று சாமி புறப்பாடு பார்த்திருப்பீர்கள். நாதஸ்வரம் மெல்ல ஏறி, நமக்கு நேரே உச்சத்துக்கு வந்து, மெல்லத் தேயும். டீக்கடை ஸ்பீக்கரோ ஒரே மட்டத்தில் அலறிக்கொண்டிருக்கும். பூமியிலேயே கிளம்பும் இரைச்சல் அந்த ஸ்பீக்கர் மாதிரி. வானத்திலிருந்து வருவது நாதஸ்வரம் மாதிரி ஏறி இறங்க வேண்டும். அதைத்தான் நம் கம்ப்யூட்டர் தேடியது. அரெசிபோவுக்குத் தெரிந்த வானப்பட்டையில் மதுரைக்காரன் தலைக்கு நேர் மேலே கடக்கும் நட்சத்திரங்களும் உண்டு. இது தெரிந்த இரவு மொட்டை மாடியை விட்டு நான் இறங்கவே இல்லை.

சரி, உங்கள் கேள்வி. வீண் இல்லை. ஆனால் தன்னார்வப் பணி என்று மார்தட்டவும் எனக்கு வாய் வரவில்லை. தேடியது கம்ப்யூட்டர், நாம் தூங்கினோம். விழித்திருந்தபோதும் நான் பார்த்தது வானத்தை அல்ல, யார் எத்தனை துண்டு அரைத்தார்கள் என்ற பட்டியலில் என் பெயர் எத்தனையாவது என்பதை. மதிப்பெண்ணுக்காக நிரலையே திருத்தி ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். அந்த அளவுக்கு நான் போகவில்லை, அவ்வளவுதான். 2020 மார்ச்சில் துண்டு அனுப்புவதை நிறுத்தினார்கள். அந்த டிசம்பரில் தொலைநோக்கியே இடிந்து விழுந்தது. அதற்கு மட்டும் மனசு கனத்தது.

நான் தன்னார்வலர் என்று நினைப்பது ஜெர்ரி எமன் மாதிரி ஆளை. 1977 ஆகஸ்டில் ஓஹையோவின் ‘பிக் இயர்’ தொலைநோக்கி அச்சடித்துத் தள்ளிய காகிதங்களைச் சம்பளமில்லாமல் உட்கார்ந்து பார்த்தவர். அதில் 72 விநாடி ஏறி இறங்கிய ஒரு சமிக்ஞை. அதே நாதஸ்வரக் கணக்கு. சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு ஓரத்தில் ‘வாவ்!’ என்று எழுதினார். அது மறுபடி கேட்கவே இல்லை.

அதனால் இனி சேர்வதானால், கண்ணைக் கேட்கிற திட்டமாகப் பார்த்துச் சேருங்கள். 2010-ல் தொடங்கிய ‘பிளானட் ஹன்டர்ஸ்’ அப்படிப்பட்டது. கெப்ளர் விண்கலம் அளந்த நட்சத்திர ஒளியின் வரைபடத்தைக் காட்டி, எங்காவது பள்ளம் தெரிகிறதா என்று கேட்டார்கள். ஒரு கிரகம் நட்சத்திரத்தின் குறுக்கே போனால் ஒளி கொஞ்சம் குறையும், அதுதான் பள்ளம். ஒரு நட்சத்திரத்தின் ஒளி தாறுமாறாக, ஒருமுறை 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. சீரான இடைவெளியில் வரும் பள்ளங்களைத் தேடிப் பழகிய நிரல்கள் அதை விட்டுவிட்டன, தன்னார்வலர்கள் பிடித்தார்கள். வேற்றுக்கிரகவாசி கட்டிய ஏதோ மறைக்கிறது என்றுகூடப் பேச்சு அடிபட்டது. அப்புறம் பார்த்தால் பெரும்பாலும் தூசி. எனக்கு அந்தத் தூசியே போதும்.

பிறகு, அதேபோல் கிரகம் தேடும் டெஸ் விண்கலத்தின் வரைபடங்களோடும் அந்த வேலை தொடர்ந்தது. ஓர் இரவு அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, பள்ளம் தெரிகிறதா என்று கேளுங்கள். இரவெல்லாம் கம்ப்யூட்டர் ஓட வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.