பழைய எம்ஜிபி காரில் ஆல்ப்ஸ் கடந்து டூரின் வரை: வண்டியை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். என்னிடம் 1971-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது மேற்கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இருக்கிறது. ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ள வண்டி. ஜூன் கடைசியில் மனைவியுடன் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து வழியாக, கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயைக் கடந்து இத்தாலியின் டூரின் நகருக்குச் சென்று திரும்ப விரும்புகிறேன். இதுவரை ஒரே நாளில் நூறு மைலுக்கு மேல் இந்த வண்டியை ஓட்டியதில்லை. இவ்வளவு தூரத்தை இது தாங்குமா? முன்கூட்டியே என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: தாங்கும். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. உதிரிபாகம் இன்றும் தடையில்லாமல் கிடைக்கிறது. உங்கள் காரின் 1798 சிசி எஞ்சின், நம் ஊர் அம்பாஸடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்தது, அதாவது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி-சீரிஸ். அதன் உறுதியைப் பற்றி அம்பாஸடர் ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீண்ட பயணங்களில் இத்தகைய வண்டியை நிறுத்திவிடுவது பெரும்பாலும் எஞ்சின் அல்ல. வெடித்த ஒரு ரப்பர் ஹோஸ், தரமற்ற ஒரு ரோட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் சுழலும் பாகம்), கான்டாக்ட் தேய்ந்த பெட்ரோல் பம்ப் போன்ற சிறு பொருள்களே.

ஆகவே என் முதல் ஆலோசனை, எந்த வேலை செய்ய வேண்டும் என்பதைவிட அதை எப்போது முடிக்க வேண்டும் என்பதைப் பற்றியது. எல்லா வேலைகளையும் புறப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே முடித்துவிட்டு, அதன் பிறகு குறைந்தது 800 கிலோமீட்டர், அதிலும் ஒரு நாளாவது 250 கிலோமீட்டர், சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் ஆர்வத்தில் புதிதாக மாட்டிய பாகம்தான் வழியில் காலை வாருகிறது. தளர்ந்த கிளிப், கசியும் யூனியன் (குழாய் இணைப்பு), தரம் குறைந்த மாற்றுப் பாகம் ஆகிய எல்லாமே முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அது லெஸ்டருக்குப் பக்கத்தில் நடக்கட்டும்.

பெட்ரோலிலிருந்து தொடங்குகிறேன். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களை உள்ளிருந்து இளக்குகிறது, ஈரத்தை இழுத்துத் தேக்கி டேங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது, எஞ்சினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவையையும் சற்று லீனாக்குகிறது, அதாவது அதில் பெட்ரோலின் பங்கு குறைந்துபோகிறது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள எல்லா ரப்பர் ஹோஸ்களையும் எத்தனாலைத் தாங்கும், ஆர்9 என்று முத்திரையிட்ட ஹோஸாக மாற்றுங்கள். வெளித்தோற்றத்தில் நன்றாக இருக்கிறதே என்று எதையும் விட்டுவிட வேண்டாம். ஐரோப்பிய பெட்ரோல் பங்குகளில் பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் இ5, இ10 என்றும், டீசலுக்குச் சதுரத்துக்குள் பி7 என்றும் ஒரே மாதிரியான அடையாளம் ஒட்டியிருக்கும். பிரான்சில் 98 ஆக்டேன் பெட்ரோல் இ5 வகை, அதையே போடுங்கள். அதே பங்கில் விலை மலிவாக இருக்கும் இ85 உங்கள் வண்டிக்கு எந்த நிலையிலும் ஆகாது. எஞ்சின் ஹெட்டில் கடினப்படுத்திய வால்வு சீட் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதைப் பழைய பில்களில் தேடிப் பாருங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் வடிவமைக்கப்பட்ட ஹெட் அது. சீட் மாற்றப்படவில்லை என்றால், மலையேற்றமும் நீண்ட நேர வேக ஓட்டமும் சேரும் இந்தப் பயணத்தில், ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும், ஈயத்துக்குப் பதிலாக வால்வு சீட்டைக் காக்கும் சேர்க்கைத் திரவத்தைக் கலக்க வேண்டும்.

உங்கள் காரின் எஸ்யூ நிறுவன மின்சார பெட்ரோல் பம்ப் பின்பக்கம் இருக்கிறது. அதன் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பியதும் அது டிக் டிக் என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் கிண்ணங்கள் நிரம்ப நிரம்ப மெதுவாகி நின்றுவிட வேண்டும். சத்தமே வராவிட்டால் கான்டாக்ட் ஒட்டியிருக்கிறது. ஸ்பேனரின் பிடியால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் ஓடத் தொடங்கும், ஆனால் அந்த பம்ப் ஓய்வு கேட்கிறது என்று பொருள். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் தீர்ந்திருக்கிறது, அல்லது எங்கோ காற்று நுழைகிறது, அல்லது பெட்ரோல் வெளியே கசிகிறது; உடனே வண்டியை நிறுத்திப் பாருங்கள். இந்தப் பயணத்துக்கு ஒரு மாற்று பம்ப் கையில் இருப்பது நல்லது.

இக்னிஷன் பக்கத்தில், பாயின்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனைகள்) இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டருக்கு வையுங்கள். வண்டியை டாப் கியரில் போட்டு மெல்லத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். பாயின்டின் குதிகால் கேமின் உச்சிக்கு வரும் இடத்தில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். சாலையோரத்தில் செய்ய வேண்டி வந்தால் தடுமாறக் கூடாது. வீட்டிலேயே இரண்டொரு முறை செய்து பழகுங்கள். புதிய ரோட்டர்களிலும் கண்டென்ஸர்களிலும் தரம் குறைந்தவை நிறைய உலவுகின்றன. இப்போது வண்டியில் இருப்பவை சிக்கலில்லாமல் ஓடுகின்றன என்றால் அவற்றை மாற்றாதீர்கள். வாங்கிய புதியவற்றை மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, சோதித்த பிறகு கழற்றி மாற்றுப் பாகங்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மலை. கணவாய் ஏற்றம் தொடங்கும் சுவிஸ் நகரமான மார்டினி கடல் மட்டத்திலிருந்து சுமார் 470 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணவாயின் உச்சி 2,469 மீட்டர். சுமார் 45 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 2,000 மீட்டர் ஏறப்போகிறீர்கள். ரேடியேட்டரைக் கழற்றி இருபுறமும் அலசுவது, எல்லா ஹோஸ்களையும் தெர்மோஸ்டாட்டையும் ஃபேன் பெல்ட்டையும் மாற்றுவது, ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தைச் சோதிப்பது ஆகியவற்றை இந்த ஏற்றத்தை மனத்தில் வைத்துச் செய்யுங்கள். 2,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் தாங்கும் நல்ல மூடிதான் உங்களுக்கும் ஆவிக்கும் நடுவில் நிற்கிறது. வெப்பமானியின் முள் ஏறிக்கொண்டே போனால், ஜூன் மாத வெயில் என்று பார்க்காமல் ஹீட்டரை முழுவதும் திறந்துவிடுங்கள்; அது இரண்டாவது சிறு ரேடியேட்டராக வேலை செய்யும். உச்சியை அடைந்ததும் உடனே எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, பிறகு பானட்டைத் திறந்து வையுங்கள். அணைத்த பின்புதான் எஞ்சினின் சூடு கார்புரேட்டர் கிண்ணங்களுக்கு ஏறி, பெட்ரோலை ஆவியாக்கி, மீண்டும் ஸ்டார்ட் ஆகாமல் சண்டித்தனம் செய்ய வைக்கிறது.

அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுவதால் கலவை ரிச்சாகி (பெட்ரோலின் பங்கு மிகுந்து), இழுவை மந்தமாகி, ஐடிலில் எஞ்சின் தடுமாறும். இது இயல்பு. கார்புரேட்டரை அங்கே திருகாதீர்கள். அங்கே சரிசெய்தது இத்தாலியப் பக்கத்து ஆவோஸ்டா பள்ளத்தாக்குக்கு இறங்கியதும் லீனாகி, எஞ்சினுக்குக் கேடு விளைவிக்கும்.

ஏற்றத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இறக்கம். உச்சியிலிருந்து ஆவோஸ்டா வரை சுமார் 35 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்க வேண்டும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள உங்கள் வண்டியின் பிரேக் நன்றாகவே பிடிக்கும். ஆனால் பிரேக் ஆயில் ஆண்டுக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சியிருந்தால் நிலைமை வேறு. டாட் 4 தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய நிலைக்கான அளவுகோலோ வெறும் 155 டிகிரி. ஆயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆயிலை முழுவதும் வடித்துப் புதிதாக ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக்கிலும் ஆயிலுக்குள் சிக்கிய காற்றை நீக்குங்கள். ரப்பர் பிரேக் ஹோஸ்களில் வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். ஏறியபோது போட்ட அதே கியரில், ஓவர்டிரைவை அணைத்துவிட்டு, எஞ்சினின் பிடியிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் உறுதியாக ஒரு முறை மிதித்து விட்டுவிட வேண்டும். கணவாய்ச் சாலையின் பனிச்சரிவுத் தடுப்புக் கூரைகளுக்குள் வெளிச்சம் திடீரென மறையும். முகப்பு விளக்கை முன்பே போட்டுவிடுங்கள்.

டயர் பற்றி ஒன்றே ஒன்று. அதிகம் ஓடாத பழைய வண்டிகளில் டயர் தேய்வதில்லை, முதுமை அடைகிறது. பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளைத் தொடரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் அது 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பத்து ஆண்டைத் தாண்டியிருந்தால், பட்டன் ஆழமாகவே இருந்தாலும், ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் மாற்றிவிடுங்கள்.

நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் போதும், மிஞ்சினால் 300. பிரான்சின் காலே துறைமுகத்திலிருந்து ரான்ஸ், லாங்க்ர், பெசான்சோன், பொந்தார்லியே வழியாக சுவிட்சர்லாந்தின் லோசான் வரை பழைய தேசிய, மாவட்டச் சாலைகளிலேயே போகலாம். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் பிரான்சில் பொதுவாக 80 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. உங்கள் வண்டிக்கு மிகவும் பொருந்திய வேகமும் அதுவே. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓவர்டிரைவ் இல்லாமல் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,450 சுற்று சுற்றும், ஓவர்டிரைவில் சுமார் 2,800. நெடுஞ்சாலையைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு: பிரான்சின் கட்டண நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் மீட்பு வாகனம் உள்ளே வர முடியாது. ஆரஞ்சு நிற அவசரத் தொலைபேசியிலோ 112 எண்ணிலோ அழைத்து, அரசு அனுமதி பெற்ற உள்ளூர் மீட்பு நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தி வெளியே வந்து, பிறகுதான் காப்பீட்டில் கேட்டுப் பெற வேண்டும்.

வலப்பக்க ஸ்டியரிங்கோடு சாலையின் வலப்பக்கம் ஓட்டும்போது, முன்னால் போகும் லாரிக்கு அப்பால் உங்களுக்கு எதுவும் தெரியாது. முந்துவதற்கு உங்கள் மனைவியின் கண்களை நம்ப வேண்டியிருக்கும். அவர் தெளிவாக "இப்போது போகலாம்" என்று சொல்லாதவரை முந்தாதீர்கள். முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் பாயாதபடி திருப்பிவிடும் ஸ்டிக்கரை ஒட்டுவது கட்டாயம்.

ஆவணங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அசல் வி5சி பதிவுப் புத்தகம், ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுச் சான்று, பின்புறம் யுகே ஸ்டிக்கர், எச்சரிக்கை முக்கோணம், டிக்கியில் அல்லாமல் இருக்கைக்கு எட்டும் தூரத்தில் ஒளிரும் மேலங்கி ஆகியவை வேண்டும். பழைய ஜிபி ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் முதல் செல்லாது. உங்களில் யாருக்காவது இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா தேவை. வழிக்கென்று தயிர், நெய், பனீர் எடுத்துச் செல்லாதீர்கள். பிரிட்டனிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. சுவிஸ் நெடுஞ்சாலையைத் தொட்டால் 40 பிராங்க் ஆண்டுக் கட்டணம்; அதை இணையத்திலேயே செலுத்தலாம். 1997-க்கு முன் பதிவான பெட்ரோல் கார்களுக்குப் பிரான்சின் மாசு வகை ஸ்டிக்கர் கிடையாது. எனவே அந்த ஸ்டிக்கரைக் கேட்கும் நகர மையங்களுக்குள் நுழையாமல் சுற்றிப் போங்கள். இத்தாலிய நகரங்களின் கேமரா காவலுள்ள தடைப் பகுதிகளையும் முன்பே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நாற்பது ஆண்டைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டி என்பதால் உங்கள் காருக்கு எம்ஓடி எனப்படும் பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆயினும் இந்தப் பயணத்துக்கு முன் தானாக முன்வந்து எம்ஓடி செய்துகொள்ளுங்கள். அடிப்பாகத் துருவையும் ஸ்டியரிங் மூட்டுத் தேய்மானத்தையும் வேறொருவர் கண்ணால் பார்ப்பது நல்லது. காப்பீட்டில் வண்டியின் மதிப்பு முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறதா, வெளிநாட்டில் எத்தனை நாள் செல்லும், மீட்புத் திட்டத்துக்கு வண்டியின் வயது வரம்பு ஏதும் உண்டா, பழுதான வண்டியை ஊர் கொண்டுவருவார்களா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மே நடுப்பகுதிக்குள் பிரேக்கும் குளிரூட்டும் வேலையும் முடியாவிட்டால், அவசரப்பட்டு ஜூனில் கிளம்பாமல் செப்டம்பருக்குத் தள்ளிவையுங்கள். அப்போதும் கணவாய் வழக்கமாகத் திறந்திருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். ஜூனிலேயே போவதானால், பனி அகற்றிக் கணவாயைத் திறந்துவிட்டார்களா என்பதை மார்டினியில் மலையேறத் தொடங்கும் முன் உறுதி செய்யுங்கள். திறக்கவில்லை என்றால், 1964-இல் திறக்கப்பட்ட சுரங்கச் சாலை கட்டணத்தோடு இருக்கிறது.