ஈட்டு நகை, கடன் கொப்பி, ஸகாத் பணம்: கிண்ணியா வாசகருக்குப் பதில்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். கிண்ணியாவில் சின்ன ஹாட்வெயார் கடை நடத்துகிறேன். சரக்குப் போடுவதற்காக மனைவியின் நகையை வங்கியில் நாலு சீட்டாக ஈடு வைத்து 4 இலட்சம் ரூபா எடுத்தேன். ஆண்டுக்கு 12 வீத வட்டி. உம்ராவுக்கென்று சேர்த்த 3 இலட்சம் வேறொரு வங்கியில் 8 வீதத்துக்கு நிலையான வைப்பில் கிடக்கிறது. கடன் கொப்பியில் வெளியே நிற்பது ஏறக்குறைய 6 இலட்சம். பாதிப்பேர் கடற்றொழிலாளர்கள். கடனுக்குக் கொடுக்கும்போது விலையைக் கொஞ்சம் கூட்டித்தான் கொடுக்கிறேன், இதுவும் வட்டியா? குர்ஆன் சொல்கிறபடி தொழில் செய்ய ஆசை. இந்த வட்டியிலிருந்து எப்படி வெளியே வருவது? இன்னொன்று: எங்கள் மஹல்லாவின் (பள்ளிவாசல் பகுதியின்) ஸகாத் (வசதியுள்ளவர் கொடுக்க வேண்டிய கட்டாயக் கொடை) நிதிக்கு என்னைப் பொருளாளராக இருக்கச் சொல்கிறார்கள். அந்தப் பணம் பகிரும் வரை மாதக்கணக்கில் சும்மாதான் இருக்கும். அதைக் கடையில் போட்டுப் புரட்டி, நேரத்துக்கு அப்படியே திருப்பி வைத்தால் நகையை மீட்கலாம், வட்டியும் இல்லை. சரிதானே?

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சரியில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன், முதலில் நகைக்கு வருவோம்.

உங்கள் கணக்கையே பாருங்கள். 4 இலட்சத்துக்கு 12 வீதம் என்றால் மாதம் 4,000 ரூபா வட்டி கட்டுகிறீர்கள். 3 இலட்சத்துக்கு 8 வீதம் என்றால் மாதம் 2,000 வருகிறது. ஒரு பக்கம் வட்டி வாங்கி, மறுபக்கம் அதைப் போல இரண்டு மடங்கு கட்டுகிறீர்கள். மார்க்கத்தை விட்டுவிட்டு வெறும் காசுக் கணக்காகப் பார்த்தாலும் இது நட்டம். வைப்பை உடைத்து மூன்று சீட்டை மீட்டெடுங்கள். ஏறியிருக்கும் வட்டியைக் கடை வருமானத்திலிருந்து கட்ட வேண்டி வரும். தவணைக்கு முன் உடைத்தால் வைப்பின் வட்டி குறையும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 279ஆம் வசனம் உங்களுக்கு உரியது என்று சொல்வது நீங்கள் போட்ட முதலை மட்டும்தான். மேலே வந்த வட்டியைத் தனியே எடுத்து வையுங்கள். நன்மையை எதிர்பாராமல் அதைப் பொதுத் தேவைக்குக் கொடுத்துவிடச் சொல்லும் ஆலிம்கள் பலர். உங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மீட்டபின் ஒரு சீட்டுத்தான் மிஞ்சும்; அதற்கு மாதம் 1,000 வட்டி. இதுவரை கட்டிய 4,000இல் மிச்சமாகும் 3,000ஐ மாதா மாதம் அதற்கே ஒதுக்கினால், கொப்பிக் கடனில் கொஞ்சம் வந்தாலே முடித்துவிடலாம். உம்ரா? ஹஜ் கூடச் சக்தி உள்ளவருக்குத்தான் கடமை என்கிறது ஆலு இம்ரான் 97. கடன் தீரட்டும், பிறகு நிம்மதியாகப் போய்வாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நகை யாருடையது? மனைவியுடையது. மஹராக (திருமணத்தில் கணவர் கொடுப்பதாக) வந்திருந்தாலும் தாய் வீட்டிலிருந்து வந்திருந்தாலும் அவருடைய சொத்து. அவர் மனமுவந்து விட்டுத்தந்தால்தான் அது உங்களுக்கு ஆகும் என்பது அந்நிஸா 4ஆம் வசனத்தின் கருத்து. "தந்தாரே" என்பீர்கள். கடைக்காக இரவலாகத் தந்தாரா, அன்பளிப்பாகத் தந்தாரா? அநேகமான வீடுகளில் இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அதனால் புதுக் கொப்பி ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் மனைவியின் பெயரைப் போட்டு, எத்தனை பவுண் நகை, என்றைக்குள் திருப்பிக் கொடுப்பது என்று எழுதுங்கள். மீட்கிற நகை அவர் கைக்கே போகட்டும். அடுத்த சரக்கு வரும்போது மறுபடி ஈட்டுக்குப் போகக் கூடாது.

கொப்பி என்றதும் விஷயத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம். அல்பகராவில் 275 தொடங்கி 282 வரை ஒரே மூச்சில் ஓதிப் பாருங்கள். வியாபாரம் ஆகுமானது, வட்டி விலக்கப்பட்டது என்று தொடங்குகிறது. கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுப்பது இன்னும் நல்லது என்கிறது 280. அப்புறம் வருகிற 282 குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அது முழுக்கக் கடனை எழுதிவைப்பது பற்றியது. வட்டியை விடுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எழுதுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னிடம் வருகிற குடும்பச் சண்டைகளில் அண்ணன் தம்பியிடம், மச்சான் மச்சானிடம் வட்டியில்லாமல் வாங்கி, எழுதாமல் விட்ட கைமாற்றுகள்தான் அதிகம்.

அந்த வசனத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எழுதுபவருக்குக் கணக்கைச் சொல்ல வேண்டியவர் கடன் பட்டவர். உங்கள் கடையில் எப்படி? அவர் ரெசினையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு போன பிறகு, மாலையில் நீங்களே ஞாபகத்திலிருந்து எழுதுகிறீர்கள். இனிமேல் பொருளை எடுத்தவர் வாயால் சொல்லட்டும்: இன்ன பொருள், இவ்வளவு ரூபா, இன்ன மாதம் தருவேன். அவர் முன்னாலேயே எழுதி, கையெழுத்து வாங்கி, துண்டுப் பிரதி ஒன்றை அவரிடம் கொடுங்கள். பெரிய தொகைக்கு இரண்டு சாட்சி. காசுக்குக் காசு நடக்கிற வியாபாரத்துக்கு எழுத்து கட்டாயமில்லை என்றும் அதே வசனம் சலுகை தருகிறது, ஆகவே ஒரு கிலோ ஆணிக்கு இவ்வளவு பாடு வேண்டாம்.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. இலங்கைச் சட்டப்படி கடையில் கடனுக்குக் கொடுத்த பொருளுக்கு ஓராண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் நீதிமன்ற வழி அடைபட்டுவிடும். எழுத்து மூலமான ஒப்பந்தம் என்றால் 6 ஆண்டு. அல்லாஹ்விடம் கடன் காலாவதியாகாது, நீதிமன்றத்தில் ஆகிவிடும்.

இப்போது அந்த 6 இலட்சம். பெயர் பெயராக உட்கார்ந்து பிரியுங்கள். வசதி இருந்தும் இழுத்தடிப்பவரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள், அது பாவமில்லை. கடற்றொழிலாளர் விஷயம் வேறு. மாரியில் வாடை அடித்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தவணை வைத்தால் அவர் எங்கே போவார்? தண்டல்காரனிடம் வட்டிக்கு வாங்கி உங்களுக்குக் கட்டுவார். அப்படி வருகிற காசு உங்களுக்கு வேண்டாம். கடல் அடங்கி மீன் படுகிற மாதங்களுக்குத் தவணையை மாற்றி எழுதுங்கள். உண்மையிலேயே முடியாதவர்களுக்கு ஒரு பகுதியை விட்டுக்கொடுங்கள். ஆனால் விட்டுக்கொடுத்ததை இந்த வருட ஸகாத்தில் கழித்துவிடாதீர்கள். ஷாஃபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) பலமான கருத்துப்படி அது ஸகாத்தாக நிறைவேறாது. ஸகாத்தை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நிபந்தனை எதுவும் இல்லாமல் அவராக அதிலிருந்து கடனைக் கட்டினால் குற்றமில்லை.

கடன் விலை பற்றிக் கேட்டீர்கள். கைக்காசுக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை என்று சொல்லி, பேசி முடிக்கும்போதே ஒரு விலையில் நின்றுவிட்டால் பெரும்பாலான இமாம்கள் அனுமதிக்கிறார்கள். தவணை பிந்தியதும் "இன்னும் ஆயிரம் போட்டுக் கொடு" என்றால் அது அறியாமைக் காலத்து வட்டியேதான். ஒரு தடவை எழுதிய தொகை ஏறக் கூடாது.

அடுத்த சரக்கு வாங்க முதலீடு தேவைப்பட்டால், 2011இல் உரிமம் பெற்ற அமானா வங்கியும், வேறு சில வங்கிகளின் இஸ்லாமியப் பிரிவுகளும் முறாபஹா தருகின்றன. வங்கி பொருளை வாங்கி, தன் இலாபத்தைச் சொல்லி உங்களுக்குத் தவணைக்கு விற்கும். பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம். பொருள் உண்மையில் வாங்கப்படுகிறதா, பிந்தினால் வரும் கட்டணம் யாருக்குப் போகிறது, மொத்தம் எவ்வளவு கட்டுவேன் என்று மூன்றையும் கேளுங்கள். எனக்குப் பிடித்த வழி பங்குதான். படகுக்காரரும் ஆட்களும் செலவு போக மீதியைப் பங்கு பிரிப்பதை நம் கரையில் எல்லோரும் அறிவார்கள். உறவில் ஒருவர் முதல் போட்டு, இலாபத்தில் வீதமும் நட்டத்தில் பங்கும் எழுதிக்கொண்டால் ஹாட்வெயார் கடைக்கும் அது பொருந்தும்.

இனி ஸகாத் பணம். குர்ஆனின் தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் அதற்கு உரிய எட்டுக் கூட்டத்தாரை எண்ணிச் சொல்லிவிட்டது. பொருளாளரின் கடை அதில் இல்லை. அது உங்களிடம் நம்பி ஒப்படைத்த அமானிதம். நீங்கள் திருப்பி வைப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் அந்த மாதம் சரக்கு விற்காமல் தேங்கினால்? பணம் இருக்கும்போதே ஒரு நோயாளி வந்து கேட்டால், "ரமழான் வரை பொறுங்கள்" என்று உங்கள் சிமெந்து மூட்டைக்காக அவரைத் திருப்பி அனுப்புவீர்களா? பொதுப்பணத்தில் மோசடி செய்தவர் அதையே சுமந்துகொண்டு மறுமையில் வருவார் என்ற ஆலு இம்ரான் 161 யுத்த வெற்றிப்பொருள் பற்றி இறங்கியது. அதன் எச்சரிக்கை எல்லாப் பொதுப்பணத்துக்கும் பொருந்தும். அந்தப் பணம் மாதக்கணக்கில் சும்மா கிடப்பதே ஒரு குறை; வருடம் முழுக்கப் பகிரும்படி நிர்வாகத்திடம் பேசுங்கள்.

பொறுப்பை ஏற்பதானால் நிபந்தனையோடு ஏற்றுக்கொள்ளுங்கள். நிதியின் பெயரில் தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. ஒரு நாள் கூட உங்கள் சொந்தக் கணக்கில் அந்தப் பணம் தங்கக் கூடாது. வரவு செலவை மாதம் ஒரு தடவை பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வாங்கியவர்களின் பெயரைப் போடாதீர்கள், தொகையும் வகையும் போதும். உங்கள் உறவினர் விண்ணப்பித்தால் அந்த முடிவில் நீங்கள் உட்காராதீர்கள். நமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமானாலும் நீதியில் நில்லுங்கள் என்ற அந்நிஸா 135 இந்த இடத்துக்குத்தான். உங்களிடம் கடன்பட்ட ஒருவர் விண்ணப்பித்தாலும் விலகி நில்லுங்கள், அவருக்குப் போகிற பணம் உங்கள் கல்லாவுக்குத் திரும்பி வரக்கூடியது.

இவற்றை நிர்வாகக் கூட்டத்தில் சொல்லி, கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது கையெழுத்துக்கு அவர்கள் உடன்படவில்லை என்றால், மரியாதையாக அந்தப் பொறுப்பை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.