வாசகர் கேள்வி – பதில்: நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் எத்தனை பதிவுகளை ஏற்கலாம்?

கேள்வி: எங்கள் குதிரையேற்றப் பள்ளி வரும் ஜனவரியில் தேவனஹள்ளிக்கு அப்பால் உள்ள மண் பாதைகளில் 40 கி.மீ., 20 கி.மீ. என இரண்டு பிரிவுகளில் நெடுந்தூரக் குதிரையோட்டம் நடத்த இருக்கிறது. பதிவுப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. லாயத்தில் 50 குதிரைகளைக் கட்ட இடம் உண்டு. இரண்டு கால்நடை மருத்துவர்கள் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 50 பதிவுகளையும் ஏற்கலாமா?
– ஒரு வாசகி, எலஹங்கா, பெங்களூரு

பதில்: ஏற்க வேண்டாம். லாயத்தின் அளவைக் கொண்டு இந்த எண்ணிக்கையை முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குதிரைகளைச் சோதிக்கும் மருத்துவர்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை குதிரைகளை அவசரமின்றிப் பார்க்க முடியும் என்பதே உங்கள் வரம்பு. முதலில் வந்த குதிரையானாலும் மருத்துவச் சோதனையில் தேறினால்தான் ஓட்டத்தை முடித்ததாகக் கொள்ளப்படும் என்பது இந்த விளையாட்டின் அடிப்படை என்பதால், சோதனை வாயிலில் நெரிசல் ஏற்பட்டால் போட்டியே பொருளற்றதாகிவிடும்.

கணக்கை எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். மருத்துவர் இதயத் துடிப்பை எண்ண வேண்டும். ஈறின் நிறத்தையும், அதை விரலால் அழுத்தி எடுத்தபின் இரத்தம் திரும்பும் வேகத்தையும் கவனிக்க வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டு அது எவ்வளவு விரைவில் படிகிறது என்று பார்க்க வேண்டும். குடல் ஒலியைக் கேட்டு, சேணமும் வாரும் உராய்ந்த இடங்களைத் தடவிப் பார்த்து, கடைசியாகக் குதிரையை ட்ராட்டில் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட சீரான ஓட்டம்) ஓடவிட்டு நொண்டல் இருக்கிறதா என்று கண்டறிய வேண்டும். இதற்குக் குதிரைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இரண்டு மருத்துவர்கள் இருந்தாலும், வயிற்றுவலியோ தசைப்பிடிப்போ கண்ட குதிரைக்குச் சிகிச்சை அளிக்க ஒருவர் எப்போதும் தனியாக இருக்க வேண்டும். ஆகவே சோதனைக்கு உண்மையில் ஒருவர்தான் இருக்கிறார். மணிக்கு 12 குதிரைகள். மூன்றாவது மருத்துவர் கிடைத்தால் 24.

எல்லாரையும் ஒரே நேரத்தில் புறப்படவிட்டால் இந்தக் கணக்கும் உதவாது. 20 கி.மீ. சுற்றை (40 கி.மீ. பிரிவுக்கு இப்படி இரண்டு சுற்று) மணிக்கு 12 முதல் 15 கி.மீ. வேகத்தில் முடிக்க 80 முதல் 100 நிமிடங்கள் ஆகும். அதாவது, மொத்தக் கூட்டமும் 20 நிமிட இடைவெளிக்குள் திரும்பிவிடும். நான் நேரக் கணக்காளராக இருந்த ஓர் ஓட்டத்தில் இப்படித்தான் நடந்தது. வியர்வையில் நனைந்த குதிரைகள் வெயிலில் வரிசையாக நின்றன. சுற்றை நல்ல நடையோடு முடித்து வந்த ஒரு பெண்குதிரை, காத்திருந்த அரை மணி நேரத்தில் பின்னங்கால் தசை இறுகி, ட்ராட்டில் நொண்டி, வெளியேற்றப்பட்டது. அதை ஓட்டி வந்தவருக்குச் சமாதானம் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. தவறு அவருடையதல்ல, குதிரையுடையதும் அல்ல. பதிவை எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே கணக்கிடாத எங்களுடையது.

எனவே சோதனைக்கு ஒரு மருத்துவர் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு குதிரை, இருவர் என்றால் ஐந்து நிமிடத்துக்கு இரண்டு என்று புறப்பட விடுங்கள். காலை 6.45-க்கு 40 கி.மீ. பிரிவின் முதல் குதிரை கிளம்பினால் ஏறத்தாழ 8.15-க்குத் திரும்பி, சோதனைக்குப் பின் 40 நிமிடக் கட்டாய ஓய்வு எடுத்து, 9 மணிக்கு இரண்டாம் சுற்றுக்குச் சென்று, 10.30 அளவில் முடிக்கும். கடைசிக் குதிரையின் முதல் சோதனை 9.30-க்குள் முடிந்துவிடும், அதன்பின் 10.30 வரை வாயில் காலியாக இருக்கும். 20 கி.மீ. பிரிவை எட்டு மணிக்குப் பிறகு கிளப்பினால் அந்த இடைவெளியில் அது சரியாகப் பொருந்தும். ஒரே சோதனை மருத்துவருடன் பிரிவுக்கு 12 வீதம் 24 குதிரைகளுக்கு மேல் வேண்டாம். மீதமுள்ள விண்ணப்பங்களைக் காத்திருப்புப் பட்டியலில் வையுங்கள்.

பதிவை முடிக்கும் நாளைக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக வையுங்கள். கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தச் சோதனை முடிவைப் பார்க்காமல் எந்தக் குதிரையையும் லாயத்துக்குள் அனுமதிக்கக் கூடாது. அந்த நோய்க்குத் தடுப்பூசி இல்லை. அது மனிதருக்கும் தொற்றக் கூடியது. விண்ணப்பத்தில் குதிரையின் வயது, கடைசியாக லாடம் அடித்த நாள், முன்பு முடித்த தூரம், சோதனை வாயிலில் தண்ணீரும் வாளியுமாக நிற்கப் போகும் உதவியாளரின் கைப்பேசி எண் ஆகிய நான்கையும் கேளுங்கள். உதவியாளரே இல்லாமல் வருபவரைப் பதிவு செய்யாதீர்கள். பாதையைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமை காலையில் நந்தி மலைக்குச் செல்லும் வண்டிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சாலையைக் கடக்க நேரிட்டால் சனிக்கிழமையில் நடத்துங்கள்.

கேள்வி: என் குதிரை சென்ற முறை 40 கி.மீ. தூரத்தை முடித்தும், துடிப்பு 68 இருந்ததால் தோல்வி என்று அறிவித்துவிட்டார்கள். நான்கு துடிப்பில் என்ன வந்துவிடப் போகிறது?
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனாலும் அந்த முடிவு சரியானது. குறிப்பிட்ட நேரத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 64-க்கு இறங்க வேண்டும் என்பது சர்வதேசப் போட்டிகளிலும் பின்பற்றப்படும் அளவு. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை துடிப்பதே இயல்பு. ஆகவே 64 என்பதே தாராளமான சலுகை. அதற்கும் இறங்காத குதிரை வலியிலோ, வெப்பத்திலோ, நீரிழப்பிலோ இருக்கிறது என்று பொருள்.

வெயில் நாளில் உழைக்கும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும். அதன் வியர்வையில் இரத்தத்தைவிட உப்புச் செறிவு அதிகம். தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் தாக உணர்வு எழாமல், நீர் வற்றிய குதிரை வாளியை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுவதும் உண்டு. முதல் நீர்நிலையில் குடிக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். இரண்டாவதிலும் குடிக்காவிட்டால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். உப்புக் கரைசலைத் தண்ணீர் குடித்த பிறகே கொடுங்கள்.

சுற்றின் கடைசி ஒரு கிலோமீட்டரை இறங்கி, வாரைத் தளர்த்தி, குதிரையோடு நடந்தே வாருங்கள். நடப்பதால் இழக்கும் சில நிமிடங்களைத் துடிப்பு விரைவாக இறங்குவது ஈடு செய்துவிடும். ஏனென்றால் துடிப்பு இறங்கிச் சோதனைக்கு நிற்கும்வரை உங்கள் ஓட்ட நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வந்ததும் கழுத்திலும் மார்பிலும் கால்களின் உட்புறத்திலும் தண்ணீர் ஊற்றி, சூடேறிய நீரை வழித்துவிட்டு, மறுபடி ஊற்றுங்கள்.

வீட்டுப் பயிற்சியில் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். துடிப்பை எண்ணியதும் 40 மீட்டர் தூரம் ட்ராட்டில் ஓடவிட்டுத் திருப்பி அழைத்து வந்து, ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம் ஆனதும் மீண்டும் எண்ணுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் குதிரை தயார். நான்கு துடிப்பு கூடியிருந்தால் அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்துங்கள்.

கேள்வி: அரபுக் குதிரை இல்லாமல் இந்த ஓட்டத்தில் பதிவு செய்ய முடியாதா?
– கம்மனஹள்ளி வாசகர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். உலக அளவில் அரபு இனமே முன்னணியில் நிற்கிறது என்றாலும், நம் நாட்டில் மார்வாரி, காத்தியவாரி குதிரைகள் இந்த ஓட்டங்களில் நன்றாகவே ஓடுகின்றன. உங்கள் குதிரை ஐந்து வயதை நிறைவு செய்திருக்கட்டும். முதல் பதிவை 20 கி.மீ. பிரிவில் செய்யுங்கள்.