அப்பாவோட போட்டோவெல்லாம் எங்க வைக்கிறது?

கேள்வி: அப்பா தோட்டத்துல இருந்தப்ப எடுத்த போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் மூணு ஹார்ட்டிஸ்க்ல சிதறிக் கிடக்கு, அவருக்கு ஒரு நாஸ் (வீட்டு நெட்வொர்க்ல மாட்டி எல்லாத்தையும் ஒரே இடத்துல சேர்த்து வைக்கிற பெட்டி) வாங்கித் தரணும், எது நல்லது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ரெண்டு டிஸ்க் போடுற பெட்டியா வாங்கும்மா, சினாலஜி டிஎஸ்223ஜே போதும், அப்பா போன்லயே போட்டோ பார்த்துக்கலாம். 4 டெராபைட் டிஸ்க் ரெண்டு போட்டு ரெய்டு 1 (ரெண்டு டிஸ்க்லயும் ஒரே மாதிரி காப்பி எழுதுற முறை) வச்சா இடம் 4 டெராபைட்தான் கிடைக்கும், ஆனா ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுல அப்படியே இருக்கும். ரவுட்டர்ல கேபிள் போட்டு மாட்டு.

நம்ம பக்கம் சாயங்காலமானா இடி மின்னல், எங்க வீட்ல ஒரு தடவ அதுல எல்லாமே போச்சு, இன்னும் மனசு ஆறல, அதனால சர்ஜ் தடுப்போட (கரண்ட் திடீர்னு எகிறினா தடுக்கிறது) யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குற பேட்டரிப் பெட்டி, கண்டிப்பா வேணும், அப்புறம் ரெய்டு இருக்குன்னு பேக்கப்ப விட்றாத, பழைய ஹார்ட்டிஸ்க்ல இன்னொரு காப்பி போட்டு தம்பி வீட்ல குடுத்து வை.