வாவி யாரை மறித்தது?

அன்புள்ள அண்ணா,

நான் களுவாஞ்சிகுடியில் பிறந்தவள், இப்போது சிட்னியில் இருக்கிறேன். நிலத்தோற்றம் ஒரு நாட்டின் குடியேற்றத்தை எப்படித் தீர்மானித்தது என்று மகளுக்குப் பள்ளியில் ஒப்படை தந்திருக்கிறார்கள். 1788இல் வந்த வெள்ளையர்களை புளூ மவுண்டன்ஸ் மலைகள் 25 வருடம் கரையோரத்திலேயே நிறுத்திவிட்டன, 1813இல்தான் தாண்டினார்கள் என்கிறது பாடம். அதோடு ஒப்பிட்டு, மட்டக்களப்பு வாவி குறுக்கே கிடந்ததால்தான் அதன் மேற்குக் கரையான படுவான்கரை பின்தங்கியது என்று எழுதலாமா? ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) மட்டக்களப்பில் இறங்கியது பற்றியும் இரண்டு வரி சொல்லுங்கள்.

அன்புள்ள தங்கச்சி,

ஒப்படை மகளுக்கா உங்களுக்கா என்று நான் கேட்கப்போவதில்லை.

ஒல்லாந்தரை முதலில் முடித்துவிடுகிறேன். மேற்குக் கரை போர்த்துக்கேயர் கையில் இருந்தது. கண்டி மன்னனைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கால் வருவதுதான் வசதி. 1602இல் ஒல்லாந்தக் கப்பல் தலைவர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி மலைநாட்டுக்குப் போனார். 1638இல் மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் வைத்திருந்த புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தார்கள். இது போதும்.

என்னைச் சுட்டது அந்தப் 'பின்தங்கியது'. அதுவும் களுவாஞ்சிகுடிக்காரி எழுதுகிறீர்கள். பக்கத்தில்தானே குருமண்வெளி? அக்கரை மண்டூர்த் திருவிழாவுக்குப் பாதையில் ஏறாமலா வளர்ந்தீர்கள்?

பாதை. இந்தச் சொல்லைத்தான் நான் கொஞ்ச நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். உலகத்துத் தமிழருக்கெல்லாம் பாதை என்றால் கால் நடக்கிற வழி. நமக்கு மாடு, சைக்கிள், நெல்மூட்டை, மனிதர் எல்லாம் ஒன்றாக ஏறி அக்கரை போகும் மிதவைக்கும் அதுதான் பெயர். வாவியைத் தடை என்று நினைத்த சனம் அப்படிப் பெயர் வைக்குமா? அம்பிளாந்துறை, சம்மாந்துறை என்று வாய்க்கு வாய் துறை சொல்லுமா? ஆரையம்பதிப் பக்கம் மண்முனைப் பற்று. வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் மண்முனை தென்மேற்கு. இரண்டு கரைக்கும் ஒரே பெயர், நடுவில் தண்ணீர்.

எங்களுக்கு வீடு கடற்பக்கத்து எழுவான்கரையில், வயல் படுவான்கரையில். மணலில் நாலு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர், மாரி வெள்ளமும் மணல்மேட்டில் நிற்காது. ஆனால் நெல்லுக்கு அக்கரைச் சேறுதான் வேண்டும். படுக்க மணல், உழச் சேறு. இதை எந்தப் புவியியல் வாத்தியாரும் எங்கள் அப்பப்பாவுக்குச் சொல்லித்தரவில்லை. விதைப்புக் காலத்தில் அவர் வயல்வாடியிலேயே கிடப்பார். அம்மம்மா சோற்றுப் பெட்டியோடு என்னையும் பாதையில் ஏற்றிக்கொண்டு போவா. "விளிம்பில நிக்காத மனே" என்று என் சட்டையைப் பிடித்த பிடியை அக்கரை போகும்வரை விடமாட்டா. அவவுக்கு அக்கரை அடுத்த வளவு மாதிரி.

அப்புறம் எப்போது வாவி தடையானது? தார்ரோட்டும் பஸ்ஸும் எழுவான்கரையால் ஓடத் தொடங்கிய பிறகு. ஆஸ்பத்திரி, கந்தோர், பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் பஸ் போகிற பக்கம் வந்து குந்தின. ஒரு மாரியில் அப்பப்பாவுக்கு அக்கரையில் காய்ச்சல் கூடி, காற்றுக்குப் பாதை கட்டிக் கிடந்ததால் விடியும்வரை துறையில் பாயில் கிடத்தி வைத்திருந்தோம். அன்றைக்கு வாவி மறித்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வைத்தியரை அக்கரையில் வைக்காதது வாவியா? மண்முனைப் பாலம் வர 2014 ஆனது. அதுவும் வாவியின் குற்றமா? சோதனைச் சாவடிக் காலத்தை இங்கே விரிக்கப்போவதில்லை. அதற்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

உங்கள் மலைக்கும் இதே கேள்விதான். வெள்ளையர் பள்ளத்தாக்கால் வழி தேடி, செங்குத்துப் பாறையில் முட்டி முட்டித் திரும்பினார்கள். 1813இல் பிளாக்ஸ்லாண்ட், லோசன், வென்ட்வர்த் மூவரும் மலைமுதுகைப் பிடித்து நடந்தார்கள். ஆனால் அங்கத்தைய ஆதிக்குடிகளான டாருக், குண்டுங்குரா மக்கள் அந்த மலைகளில் எத்தனையோ தலைமுறையாக நடந்து திரிந்தவர்கள். மகளின் ஒப்படையில் 'தாண்டினார்கள்' என்று வருகிற இடத்தில் இவர்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். புள்ளிகள் குறைந்தால் குறையட்டும்.

விடுமுறைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தால் பாலத்தால் போகாதீர்கள். பாதை ஓடினால் குருமண்வெளியில் ஏற்றுங்கள். விளிம்பில் நிற்க விடாதீர்கள்.