காற்றா, ஆயிலா, தண்ணீரா: பழைய கார் வாங்குமுன் ஒரு சந்தேகம்

கேள்வி: எட்டு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். என்னிடமுள்ள ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு ரேடியேட்டரே கிடையாது. காற்றும் ஆயிலுமே அதன் என்ஜினைக் குளிர்விக்கின்றன. காருக்கு மட்டும் தண்ணீர் ஏன்? விற்பவரோ, ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவம் வீண் செலவு, குழாய்த் தண்ணீரே போதும் என்கிறார். அதை நம்பலாமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: இன்று விற்பனையில் இருக்கும் பெட்ரோல், டீசல் கார்கள் அனைத்திலும் நீங்கள் குறிப்பிடும் மூன்றுமே வேலை செய்கின்றன. சிலிண்டரைச் சுற்றியும் அதன் மேல்மூடியான ஹெட்டிலும் உள்ள வெப்பத்தை நீர் ஏந்திச் செல்கிறது. நீர் நுழைய முடியாத பிஸ்டனின் அடிப்பகுதியையும் பேரிங்குகளையும் ஆயில் கவனித்துக்கொள்கிறது. ரேடியேட்டரில் அந்த வெப்பத்தைக் காற்று வாங்கிக்கொள்கிறது. எனவே, பெரும் சுமையைச் சுமப்பது எது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

அதில் நீருக்கு ஈடு கிடையாது. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பத்தைக் கொண்டு ஏறத்தாழ 3,500 லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கலாம். ஒரு லிட்டர் ஆயில் ஏற்கும் வெப்பமோ, அதே அளவு நீர் ஏற்பதில் பாதிக்கும் குறைவு. ஏறத்தாழ 20 குதிரைத்திறன் கொண்ட உங்கள் வண்டிக்குக் காற்றும் ஆயிலும் போதுமானவை. ஆனால் ஏறத்தாழ 40 குதிரைத்திறன் தரும் ஹிமாலயன் 450-க்கு அதே நிறுவனம் ரேடியேட்டர் வைத்திருப்பதைக் கவனியுங்கள்.

காற்றால் குளிரும் கார்களும் முன்பு இருந்தன. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 2003 வரை மெக்சிகோவில் தயாரானது. போர்ஷே 911-ம் 1998 வரை அவ்வகையிலேயே வந்தது. ஒழுகுவதற்கு ஹோஸ் இல்லை, பழுதாவதற்கு வாட்டர் பம்ப் இல்லை என்பது உண்மையிலேயே பெரிய வசதி. எனினும் என்ஜினின் வெப்பநிலையைக் குறுகிய எல்லைக்குள் நிறுத்திவைக்கக் காற்றால் இயலாததால், புகை விதிகள் இறுகியபோது அவ்வகை என்ஜின்கள் பின்தங்கின. சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் அடக்கும் இரைச்சலும் அவற்றில் அப்படியே வெளியே வந்தது.

விற்பவர் சொல்வது பாதி உண்மை என்பதால்தான் அது ஆபத்தானது. வெப்பத்தை ஏந்துவதில் தனி நீர், கூலன்ட் கலவையைவிடச் சற்று மேலானதே. ஆனால் நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெண்ணிற உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். துருவையும் அலுமினிய அரிப்பையும் தடுக்கும் சேர்மங்களும் வெறும் நீரில் இல்லை. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் கொதிநிலையையும் உயர்த்துகிறது: பாதிக்குப் பாதி கலந்தால், ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம் இல்லாமலேயே கலவை ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும்.

கடையில் வாங்கும்போது, கேனில் இருப்பது அப்படியே ஊற்றக்கூடியதா, நீர் கலக்க வேண்டிய அடர் கரைசலா என்று படித்துப் பாருங்கள். அடர் கரைசலின் விலையைக் காய்ச்சி வடித்த நீர் சேர்த்தபின் கிடைக்கும் லிட்டர் கணக்கில் ஒப்பிடுவதே முறை. அதை நீர் கலக்காமல் ஊற்றினால் குளிர்விக்கும் திறன் குறையும். பச்சை, சிவப்பு என்ற நிறங்களுக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது என்பதால், நிறத்தை நம்பாமல் காரின் கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள். இனிப்புச் சுவையுள்ள இந்தத் திரவம் நச்சு. குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள்.

இனி நீங்கள் பார்க்கப்போகும் கார். என்ஜின் முற்றிலும் ஆறியிருக்கும்போது மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே துரு நிற நீர் தெரிந்தால் பல காலம் வெறும் தண்ணீரிலேயே ஓடியிருக்கக்கூடும். மேலே எண்ணெய்ப் படலமோ, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி போன்ற ஆயிலோ தெரிந்தால், சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்பான ஹெட் கேஸ்கெட் பழுதாக இருக்கலாம். அதைச் சரிசெய்வது பெருஞ்செலவு. பிறகு மூடியை இறுக்கி, ஏசி போடாமல் என்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் மின்விசிறி ஒருமுறை தானாகச் சுழன்று நிற்கும் வரை காத்திருங்கள். நீங்கள் போய்ச் சேரும் முன்பே விற்பவர் என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலையில் முன்கூட்டிச் சொல்லாமல் மீண்டும் போய்ப் பாருங்கள்.