வாசகர் கேள்வி–பதில்: என்.எம்.ஆர். திரையில் எஃப்.ஐ.டி.

(இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே ப்ரூக்கர் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவிகளையும் அவற்றின் டாப்ஸ்பின் மென்பொருளையும் பற்றியவை. எஃப்.ஐ.டி. என்பது கருவி பதிவுசெய்யும், நேரத்தோடு தேயும் சிக்னல்; ஃபூரியர் மாற்றம் அதைப் பீக்குகள் உள்ள ஸ்பெக்ட்ரமாக்குகிறது. கட்டளைகளை அதில் உள்ளபடியே சொல்கிறோம்.)

400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் புரோட்டான் ஓட்டுகிறேன். பீக்குகளின் அடியில் இரண்டு பக்கமும் சிற்றலைகள் வருகின்றன. ஃபேஸ் (அலையின் கட்டம்) திருத்தியும் போகவில்லை. நேரம் மிச்சமாகட்டும் என்று டி.டி.யை (பதிவாகும் புள்ளிகளின் எண்ணிக்கையை) 8192 ஆக வைத்திருக்கிறேன். அதனாலா?
— ஆய்வு மாணவி, திருச்சி

ஆம், அதனால்தான். ‘அக்யூ’ கொடுத்து எஃப்.ஐ.டி.யைத் திறந்து அதன் வலது ஓரத்தைப் பாருங்கள். சிக்னல் தேய்ந்து இரைச்சலோடு கலந்திருக்க வேண்டிய இடத்தில், அலை இன்னும் உயரமாக நிற்கும்போதே வெட்டுப்பட்டிருக்கும். அந்த வெட்டுதான் ஃபூரியர் மாற்றத்துக்குப் பிறகு சிற்றலையாகத் தெரிகிறது. இதற்கும் ஃபேஸுக்கும் தொடர்பில்லை.

கணக்கையும் பார்த்துவிடலாம். பதிவு நேரம் ஏ.க்யூ. என்பது டி.டி.யை ஸ்பெக்ட்ரம் அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) அகலம் 400 மெகாஹெர்ட்ஸில் சுமார் 8000 ஹெர்ட்ஸ். எனவே 8192 ÷ 16000, அதாவது 0.51 விநாடி. பீக்கின் அகலம் 0.5 ஹெர்ட்ஸ் என்றால் சிக்னலின் தேய்வு நேரம் சுமார் 0.64 விநாடி. நீங்கள் பதிவை நிறுத்தும்போது ஏறக்குறைய 45 விழுக்காடு சிக்னல் மிச்சம் இருக்கிறது. டி.டி.யை 32768 ஆக்கினால் ஏ.க்யூ. 2.05 விநாடி ஆகும். மிச்சம் 4 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்.

நேரம் கூடிவிடுமே என்ற கவலை வேண்டாம். அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்புவது பதிவு நடக்கும்போதும் தொடர்கிறது. ஏ.க்யூ. கூடிய அளவுக்கு டி1 என்ற, ஸ்கேன்களுக்கு இடையிலான காத்திருப்பு நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு ஸ்கேனுக்கு ஆகும் மொத்த நேரம் மாறாது.

ஏற்கெனவே எடுத்த தரவில் சிற்றலையை அடக்க, பீக்குகளை அகலமாக்கும் எல்.பி.யைக் கூட்டலாம். ஆனால் வழக்கமான 0.3 ஹெர்ட்ஸ் போதாது, சுமார் 1.4 ஹெர்ட்ஸ் வரை போக வேண்டும். அப்போது நெருக்கமான பிளவுகள் ஒன்றாகிவிடும். சாம்பிள் கையில் இருந்தால் மறுபடி எடுப்பதே சரி.

கூடவே இன்னொன்று. டி.டி. மெய், கற்பனை இரண்டு வகைப் புள்ளிகளையும் சேர்த்து எண்ணுகிறது, செயலாக்கத்துக்கான புள்ளி எண்ணிக்கையான எஸ்.ஐ. அவற்றை இணைகளாக எண்ணுகிறது. எஸ்.ஐ.யும் டி.டி.யும் ஒரே எண்ணாக இருந்தால் ஒரு மடங்கு பூஜ்யம் சேர்த்ததாகப் பொருள். அதற்கு மேல் எஸ்.ஐ.யைக் கூட்டினால் கோடு வழுவழுப்பாகும், புதிய தகவல் எதுவும் வராது.

பெரிய பீக்குகளைச் சுற்றி அடிக்கோடு மேடும் பள்ளமுமாகத் தூக்குகிறது. அடிக்கோட்டைத் திருத்தும் ஏ.பி.எஸ். கொடுத்தாலும் முழுதாகச் சரியாவதில்லை.
— ஆய்வக உதவியாளர், கோவை

ஆர்.ஜி. (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எஃப்.ஐ.டி.யின் தொடக்கத்தைப் பெரிதாக்கினால் தெரிந்துவிடும்: முதல் அலையிலிருந்தே தேய வேண்டிய உச்சிகள், சீவிவிட்டது போலச் சிறிது நேரம் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கே தொலைந்த உயரத்தை எந்தத் திருத்தமும் மீட்டுத் தராது. ஒவ்வொரு குழாய் மாற்றும்போதும், ட்யூனிங், ஷிம் (காந்தப்புலத்தைச் சீராக்குவது) முடித்த பிறகு, ஆர்.ஜி.யைத் தானே அமைக்கும் ‘ஆர்.ஜி.ஏ.’ ஓட்டுங்கள். முந்தைய சாம்பிளின் மதிப்பை அப்படியே வைத்துக்கொள்வதால்தான் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வருகிறது. செறிவான சாம்பிளுக்கு, ‘ஆர்.ஜி.ஏ.’ தந்த மதிப்பில் பாதியை வைத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை.

‘ஜி.எஸ்.’ கொடுத்தால் ஸ்கேன்கள் சேராமல், ஒவ்வொன்றும் புதிதாகத் திரையில் வரும். ஆர்.ஜி.யை மாற்றியபடி விளைவை உடனே பார்க்க இதுவே நல்ல வழி.

கார்பன்-13 பதிவுக்கு 1024 ஸ்கேன் போட்டிருக்கிறேன். நடுவில் நிறுத்தாமல் பார்க்க முடியுமா?
— முதுகலை மாணவர், மதுரை

முடியும். ‘டி.ஆர்.’ கொடுத்தால் அதுவரை சேர்ந்தது வட்டில் எழுதப்படும்; பதிவு தொடரும். பிறகு எல்.பி. 1 ஹெர்ட்ஸ் வைத்து ஸ்பெக்ட்ரமாக மாற்ற ‘ஈ.எஃப்.பி.’, அடுத்து ஃபேஸ் திருத்த ‘ஏ.பி.கே.’. சிக்னல்–இரைச்சல் விகிதம் ஸ்கேன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல ஏறுவதால், 256 ஸ்கேனிலேயே இறுதித் தரத்தில் பாதி கிடைத்திருக்கும். ஹைட்ரஜன் இல்லாத கார்பன்கள் அப்போதே தெளிவாக இருந்தால் ‘ஹால்ட்’ கொடுத்து முடித்துவிடுங்கள். ‘ஸ்டாப்’ வேண்டாம், கடைசியாக வட்டில் எழுதியதற்குப் பிறகு சேர்ந்தது போய்விடும். போதவில்லை என்றால், குழாயை எடுக்காமல், ஆர்.ஜி., டி.டி. எதையும் தொடாமல் ‘கோ’ கொடுங்கள், பழையதோடு சேரும். ‘இசட்.ஜி.’ பழையதை அழித்துவிட்டுத் தொடங்கும்.

எஃப்.ஐ.டி. கோப்பைப் பைத்தானில் திறந்தால் தொடக்கத்தில் சுமார் 70 புள்ளிகளுக்குச் சிக்னலே இல்லை. கருவியில் கோளாறா?
— ஆய்வு மாணவர், சென்னை

கோளாறு இல்லை. அது டிஜிட்டல் வடிகட்டியின் தாமதம். பதிவு அமைப்புகள் உள்ள ‘அக்யூஸ்’ கோப்பில், தாமதத்தைப் புள்ளிகளில் சொல்லும் ஜி.ஆர்.பி.டி.எல்.ஒய். என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலும் 68-க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். டாப்ஸ்பின் இதைத் தானே சரிசெய்துகொள்வதால் அங்கே நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். வெளியே செயலாக்கும்போது கவனிக்காமல் விட்டால், ஸ்பெக்ட்ரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் ஃபேஸ் 24,500 டிகிரி அளவுக்குச் சுற்றும். முழு எண் அளவுக்குப் புள்ளிகளை வெட்டினால் மட்டும் போதாது, பின்னப் பகுதி ஃபேஸ் பிழையாக நிற்கும். டாப்ஸ்பினிலேயே இந்தத் தாமதத்தை நீக்கும் ‘கான்வ்டிடிஏ’ கொடுத்துவிட்டு எடுங்கள், அல்லது என்.எம்.ஆர்.குளூ என்ற பைத்தான் நூலகத்தில் இதற்கென்றே உள்ள செயல்கூற்றைப் பயன்படுத்துங்கள்.

படிக்கும் முன் அதே கோப்பில் டி.டி.ஒய்.பி.ஏ. மதிப்பையும் பாருங்கள். 0 என்றால் 32-பிட் முழு எண்கள், 2 என்றால் 64-பிட் தசம எண்கள். மாற்றிப் படித்தால் புள்ளிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். திரையில் வெறும் இரைச்சல்தான் வரும்.